காத்திருக்கும் உழைப்பு: நிச்சயமின்மையின் சுமை யாருக்கு?

உழைப்புக்கு ஏனைய பண்டங்களுக்கு இல்லாத இயல்பொன்று உண்டு. நெல்லைக் களஞ்சியத்திலிட்டு அடுத்த போகம் வரை காக்கலாம். துணியைப் பெட்டியில் அடுக்கி விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். ஆனால் இன்று பயன்படாது போன ஒரு மனிதனின் எட்டு மணி நேர உழைப்பை நாளைக்கென எடுத்துவைக்க எவராலும் இயலாது. பொழுது சாயும்போது அதுவும் அழிந்துவிடுகின்றது. உழைப்பு அழிந்தாலும் உழைப்புக்குரியவன் அழிவதில்லை. அன்றிரவும் அவனுக்குப் பசிக்கின்றது. மாத முடிவில் வீட்டுவாடகை கொடுக்க வேண்டியிருக்கின்றது. இந்த எளிய உண்மையிலிருந்தே பொருளியலின் பழைய சிக்கலொன்றும் ஒழுக்கவியலின் பழைய வினாவொன்றும் ஒருங்கே பிறக்கின்றன.

சிக்கல் யாதெனின், வேலை ஏறியும் இறங்கியும் வரும்போது வேலையாட்களின் தொகையை அதற்கு எவ்வாறு பொருத்துவது என்பதாகும். வினா யாதெனின், பொருந்தாது போகும் நாட்களின் சுமையை யார் தாங்குவது நீதி என்பதாகும். முன்னையது முகாமையாளருக்குரியது, கணிதமும் அனுபவமும் அதற்கு ஓரளவு விடை தரும். பின்னையது கணக்கினால் மட்டும் தீர்வது அன்று. எனினும் நடைமுறையில் முன்னையதற்குக் காணும் விடையே பின்னையதற்கும் விடையாகக் கொள்ளப்படுகின்றது. சுமை யார்மீது விழுந்ததோ அவரே அதனைத் தாங்க வேண்டியவர் என்று கருதிவிடுகின்றனர். இவ்விரண்டையும் பிரித்து நோக்குதற்கு, இந்தியாவில் வளர்ந்துள்ள மென்பொருட் சேவைத் தொழில் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

வாங்கில் இருப்போர்

இந்திய மென்பொருட் சேவைத் தொழிலில் இன்று 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிகின்றனர். ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமுள்ள வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், பெரும் விற்பனை நிலையங்கள் ஆகியவற்றின் கணினிப் பணிகளை ஒப்பந்த அடிப்படையில் முடித்துக் கொடுத்தலே இத்தொழிலின் பெரும்பகுதி. ஆகவே இந்நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் பண்டத்தையன்று. மனிதரின் நேரத்தையே அவை விற்கின்றன. ஒருவர் ஒரு வாடிக்கையாளரின் பணியில் அமர்ந்து, அவருடைய நேரத்துக்குக் கட்டணம் அறவிடப்படும் வரை அவர் வருவாய் தருபவர். ஒரு பணி முடிந்து மறுபணி கிடைக்கும் வரையிலோ அவருடைய வேதனம் செலவாக மட்டும் நிற்கின்றது. இவ்விடைக்காலத்தில் இருப்போரை அத்தொழிலில் ‘பெஞ்சில் இருப்போர்’ என்பர். விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில், தம்மை எப்போது அழைப்பார்களென வாங்கில் அமர்ந்திருக்கும் பதிலாட்களை எண்ணிப் பிறந்த வழக்கு அது. மொத்த ஊழியருள் எத்தனை வீதத்தினர் கட்டணம் அறவிடப்படும் பணியில் உள்ளனர் என்பதைப் ‘பயன்பாட்டு வீதம்’ எனக் கணக்கிட்டு, சில நிறுவனங்கள் காலாண்டுதோறும் முதலீட்டாளருக்கு அறிவிக்கின்றன.

இத்தொழிலின் கேள்வி ஒருபோதும் சீராக இருந்ததில்லை. 2000ஆம் ஆண்டின் பிறப்பையொட்டிக் கணினிகளின் திகதிக் குறைபாட்டைத் திருத்த எழுந்த பெருந்தேவை, 2001இல் இணைய வணிகக் கம்பனிகளின் சரிவுடன் வடிந்தது. 2008இன் நிதி நெருக்கடி மீண்டும் ஒரு வற்றுக்காலத்தைக் கொணர்ந்தது. 2020இல் பெருந்தொற்றினால் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது எல்லா நிறுவனங்களும் கணினியை நாடின. 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஆட்கள் கிடையாத நிலை ஏற்பட்டது. 2022 ஜூன் மாதத்துடன் முடிந்த காலாண்டில் இன்போசிஸ் நிறுவனம் அறிவித்த ஊழியர் விலகல் வீதம் ஆண்டொன்றுக்கு 28.4 ஆக இருந்தமை அந்நிலையைக் காட்டும். ஈராண்டுக்குள் அலை திரும்பிற்று. 2023–24 நிதியாண்டில் டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் நிறுவனத்தின் ஊழியர் தொகை 13,249 ஆற் குறைந்தது. அந்நிறுவனம் 2004இல் பங்குச் சந்தைக்கு வந்த பின்னர் ஒரு நிதியாண்டில் ஊழியர் தொகை குறைந்தது அதுவே முதன்முறை. இதே காலத்தில், 2022இல் நியமனம் உறுதிசெய்யப்பட்ட இளம் பட்டதாரிகள் பலர் 2024 வரை வேலைக்கு அழைக்கப்படாது வீட்டில் இருந்தனர். வாங்கில் இருந்தோருக்காவது வேதனம் இருந்தது. இவர்களுக்கு வாங்கும் இல்லை, வேதனமும் இல்லை, கடிதம் மட்டுமே இருந்தது.

நிறுவனத்தின் நிலையையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் இரு வாரங்களில் இருபது பேர் தேவையென்கின்றார். வெளியிலிருந்து ஒருவரைத் தெரிந்தெடுத்து அமர்த்தவோ மூன்று மாதங்களுக்கு மேற் செல்லும். ஏனெனில் இந்தியப் பெருநிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் விலகுவதற்கு 90 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியுள்ளது. ஆகவே இருபது பேரை முன்னரே கையில் வைத்திராத நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கின்றது. எதிர்பார்த்த ஒப்பந்தம் வராவிட்டாலோ வைத்திருந்த நிறுவனம் வேதனச் செலவைச் சுமக்கின்றது. நூறு பேருள் எண்பது பேர் பணியில் இருப்பின், அந்த எண்பதின்மரின் உழைப்பிலிருந்தே நூறு பேருக்கும் வேதனம் கொடுத்தாகவேண்டும். அதாவது பணியிலிருக்கும் ஒவ்வொருவரும் தம்முடைய செலவையும் அதன்மேல் மற்றொருவருடைய செலவிற் காற்பங்கையும் ஈட்டித் தருதல் வேண்டும். எனவே வாங்கிலிருப்போர் சோம்பலின் விளைவு அல்லர். விரைந்து பணி தொடங்கும் ஆற்றலை வாடிக்கையாளருக்கு விற்கும் நிறுவனத்துக்கு அவர்கள் இன்றியமையாத மூலதனம்.

பத்திரிகை விற்பவனின் கணக்கு

பொருளியலாளர் இச்சிக்கலைப் பத்திரிகை விற்பவனின் உவமை கொண்டு விளக்குவர். அவன் காலையில் எத்தனை பத்திரிகைகளை வாங்குவது? குறைவாக வாங்கினால் கேட்டுவருவோருக்கு இல்லையெனச் சொல்லி இலாபத்தை இழப்பான். கூடுதலாக வாங்கினால் மிஞ்சியவை மாலையிற் பழங்கடதாசி ஆகிவிடும். இவ்விரு நட்டங்களின் விகிதத்தை ஒப்புநோக்கியே அவன் தொகையைத் தீர்மானிக்கின்றான். மென்பொருள் நிறுவனத்தின் ஆளணித் திட்டமும் சாராம்சத்தில் இக்கணக்கேயாகும்.

ஆயின் உவமைக்கும் உண்மைக்கும் இடையில் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. மிஞ்சிய பத்திரிகையின் நட்டம் விற்பவனையே சேரும். பத்திரிகையின் மீது அதனைச் சுமத்த முடியாது. மனிதர் விடயத்தில் அவ்வாறு சுமத்துதல் இயலும். மிஞ்சியவரை நீக்கலாம், அழைப்பதாகச் சொல்லி வீட்டில் இருத்தலாம், வேதன உயர்வை மறுக்கலாம். மிஞ்சிய பத்திரிகை தன் நட்டத்தைத் தானே ஏற்குமாயின் விற்பவன் எத்தனை பத்திரிகைகளை வாங்குவான்? கணக்கின்றி வாங்குவான். கூடுதலாக வாங்குவதில் அவனுக்குச் செலவில்லை. குறைவாக வாங்குவதிலோ இலாப இழப்பு உண்டு. கேள்வி மிகுந்த காலத்திற் கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆயிரக்கணக்கில் நியமனக் கடிதம் வழங்குவதும், கேள்வி தணிந்ததும் அவர்களைக் காத்திருக்கவைப்பதும் ஒரு முகாமையாளரின் தவறான கணிப்பினால் மட்டும் நிகழ்வன அல்ல. தவறான கணிப்பின் விலையைப் பிறர் செலுத்துமிடத்துச் சரியாகக் கணிக்க வேண்டிய அவசியமே குன்றிவிடுகின்றது. சுமையை யார் தாங்குவது என்ற நீதியின் வினா, எவ்வாறு பொருத்துவது என்ற திறமையின் வினாவுக்குள்ளும் இவ்வாறு புகுந்துவிடுகின்றது. நீதியற்ற ஏற்பாடு திறமையற்ற ஏற்பாடாகவும் முடிவது இதனாலேயே.

துறைமுக வாயிலில்

இவ்வினா கணினியுடன் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டன் துறைமுகத்தில் கப்பல்களின் வருகை காற்றையும் பருவத்தையும் வணிகத்தையும் பொறுத்திருந்தது. துறைமுகக் கம்பனிகள் தொழிலாளரை நிரந்தரமாக அமர்த்துவதைத் தவிர்த்தன. விடியற்காலையிற் கூட்டமாக வாயிலில் நிற்போருள் தேவையானோரைக் கங்காணி சுட்டி அழைப்பான். எஞ்சியோர் வெறுங்கையுடன் திரும்புவர். அழைக்கப்பட்டவர்களுக்கும் ஓரிரு மணி நேர வேலையே கிட்டுவதுண்டு. 1889இல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்பது வரலாற்றிற் பெரிதும் பேசப்படுகின்றது. அதனுடன் சேர்ந்த மற்றொரு கோரிக்கை ஒழுக்கவியல் நோக்கில் மேலும் ஆழமானது. ஒருவரை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கேனும் அமர்த்த வேண்டுமென்பதே அது. முதற் கோரிக்கை உழைப்பின் விலையைப் பற்றியது. இரண்டாவது நிச்சயமின்மையின் பங்கீட்டைப் பற்றியது.

இக்கோரிக்கையின் முழுவளர்ச்சிக்கு மேலும் அரைநூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. 1947இல் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்த தேசிய துறைமுகத் தொழிலாளர் திட்டத்தின்படி, பதிவு பெற்ற தொழிலாளர் வேலைக்கு வந்து நின்று வேலை கிடையாது போனாலும் வருகைப் பணம் பெற்றனர். காத்திருந்த நேரத்துக்கும் ஒரு விலை ஏற்பட்டது. 1967இல் நாட்கூலி அமர்த்தல் முறை ஒழிக்கப்பட்டுத் தொழிலாளர் நிரந்தர ஊழியராயினர். 1989இல் அத்திட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் கொள்கலன் கப்பல்கள் துறைமுக வேலையின் தன்மையையே மாற்றி, முன்பு பல நூற்றுவர் செய்ததைச் சிலர் செய்யும் நிலையை உண்டாக்கியிருந்தன. இவ்வரலாற்றில் இரு பாடங்கள் உள. ஏற்ற இறக்கத்தின் சுமையைத் தனி மனிதனிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றுதல் இயலும் என்பது ஒன்று. இறக்கம் நிரந்தரமாகிவிடும்போது அதே ஏற்பாடு போதாது என்பது மற்றொன்று.

மூன்று சிந்தனையாளர்

சுமையின் பங்கீடு பற்றிப் பொருளியற் சிந்தனையில் மூன்று விடைகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது அடம் சிமித்தினுடையது. 1776இல் வெளிவந்த நாடுகளின் செல்வம் பற்றிய நூலில், வேலையின் தொடர்ச்சி வேதனத்தைப் பாதிக்கும் என்று அவர் காட்டினார். மேசன் ஒருவனுக்கு உறைபனியிலும் அடைமழையிலும் வேலையில்லை. ஆகவே வேலை செய்யும் நாட்களிற் பெறும் கூலி, வேலையற்ற நாட்களில் அவனைத் தாங்கவும், நிலையின்மையால் அவன் படும் மனக்கலக்கத்துக்கு ஈடுசெய்யவும் போதியதாக இருக்குமென்பது அவர் கருத்து. இதன்படி நிச்சயமின்மையைத் தொழிலாளி தாங்கலாம். ஆனால் தாங்குவதற்கு விலை பெறுவான். இவ்விடை அழகியது, எனினும் அது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றது. அந்த விலை உண்மையிற் கொடுக்கப்படல் வேண்டும். இலண்டன் துறைமுக வாயிலில் வேலை மிக நிச்சயமற்றதாக இருந்தது. கூலியும் மிகக் குறைவாகவே இருந்தது. வாயிலில் நிற்போர் மிகுதியாக இருக்கும்போது நிச்சயமின்மைக்கு எவரும் விலை கேட்க முடிவதில்லை. இந்திய மென்பொருட் பெருநிறுவனங்களிற் புதிதாகச் சேரும் பட்டதாரியின் தொடக்க வேதனம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 இலட்சம் இந்திய ரூபா என்ற அளவிலேயே நின்றுவிட்டமையும் இதனை வலியுறுத்தும்.

இரண்டாவது விடை ஜோன் ரஸ்கினுடையது. 1860இல் அவர் எழுதிய ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்னும் கட்டுரைத் தொகுதி, காந்தியடிகள் அதனைச் ‘சர்வோதய’ எனக் குஜராத்தியிற் சுருக்கித் தந்தமையால் கீழைத்தேயத்திலும் அறியப்பட்டது. அதன் முதற் கட்டுரையில் ரஸ்கின் எழுப்பும் வினாக்கள் இரண்டு. வேலைக்கான கேள்வி மாறினும் வேதன வீதம் மாறாதிருக்கச் செய்தல் எவ்வளவுக்கு இயலும்? வணிகம் எந்நிலையில் இருப்பினும் தொழிலாளர் தொகையைக் கூட்டாமலும் குறைக்காமலும் பேணுதல் எவ்வளவுக்கு இயலும்? அவருடைய விடை, வணிகனின் கடமையைப் போர்வீரனின் கடமையுடனும் மருத்துவனின் கடமையுடனும் ஒப்பிடுவதில் அடங்கியுள்ளது. இடர் வரும்போது கப்பலைவிட்டு இறுதியில் வெளியேறுபவன் தலைவன் என்பது போல, நட்டம் வரும்போது தன் ஆட்களைவிடக் கூடுதலாக அதனை ஏற்பவனே வணிகன் என்பது அவர் துணிபு. அந்நூலின் தலைப்பு, திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. மாலைவரை சந்தையில் நின்றோரைத் தோட்டக்காரன் ஏனென்று வினவியபோது, எவரும் தம்மை அமர்த்தவில்லை என்றனர். அவர்களுக்கும் அவன் முழுநாட் கூலி கொடுத்தான். அவர்கள் நின்றது அவர்களின் குற்றமன்று என்பதை அக்கூலி ஒப்புக்கொள்கின்றது.

ரஸ்கினின் விடை உணர்ச்சியின் பாற்பட்டது என்று ஒதுக்குவோருக்கு மூன்றாவது விடை ஏற்றதாகலாம். அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைட், 1921இல் வெளியிட்ட நூலில், கணக்கிடக்கூடிய இடரையும் கணக்கிட முடியாத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். முன்னையதைக் காப்புறுதியினாற் சமாளிக்கலாம். பின்னையதை ஒருவர் துணிந்து ஏற்றாக வேண்டும். அதனை ஏற்பவரே முயற்சியாளர். அவர் ஏனையோருக்கு நிச்சயமான வேதனத்தை வாக்களித்து, எஞ்சுவதைத் தாம் கொள்கின்றார். எஞ்சுவது சிலவேளை பெருகும், சிலவேளை ஒன்றுமில்லையாகும். இலாபம் என்பது இவ்வாறு நிச்சயமின்மையைத் தாங்கியதன் பலனென்று நைட் விளக்கினார். நைட் தொழிலாளர் கட்சிக்காரர் அல்லர். சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்தவர். அவருடைய வாதத்தினுள்ளேயே ஓர் ஒழுக்க முடிபு மறைந்து கிடக்கின்றது. இலாபத்துக்கு நியாயம் நிச்சயமின்மையைத் தாங்குதலாயின், நிச்சயமின்மையைத் தொழிலாளிமீது சுமத்திவிட்டு இலாபத்தை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்வோர் அந்த நியாயத்தைத் தாமே இழக்கின்றனர். வளமான ஆண்டில் எஞ்சியதைப் பங்கிட மறுத்தவர், வறண்ட ஆண்டில் இழப்பை மட்டும் பங்கிடுதல் எவ்வாறு பொருந்தும்?

காத்திருத்தல் வேலையாகுமா?

இதற்கு மாற்றாக ஒரு வாதம் கூறப்படும். வேதனம் வேலைக்கு உரியது. வேலை செய்யாதவருக்கு எதற்கு வேதனம் என்பதே அது. இங்கு வேலையென்பது யாது என்ற வினா எழுகின்றது.

தீயணைப்பு நிலையத்தில் இரவு முழுவதும் மணி ஒலிக்காதிருப்பின், அவ்விரவில் வீரர் வேலை செய்யவில்லையென எவரும் சொல்வதில்லை. அவர்கள் விற்பது தீயை அணைத்தலை மட்டுமன்று. தீ மூண்டால் அணைக்க ஆயத்தமாக இருத்தலையும் விற்கின்றனர். 1944இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், தொழிற்சாலைத் தீயணைப்போர் தொடர்பான வழக்குகளில் இக்கருத்தை ஏற்றது. காத்திருப்பதற்காக அமர்த்தப்பட்டவர் ஒருவர். அமர்த்தப்படுவதற்காகக் காத்திருப்பவர் வேறொருவர். முன்னவரின் காத்திருப்பு வேலை நேரமேயாகும். 2003இல் ஜேர்மனிய வைத்தியர் ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும், வைத்தியசாலையில் அழைப்பை எதிர்நோக்கித் தங்கியிருக்கும் நேரம், அவர் உறங்கினும் வேலை நேரமே எனத் தீர்த்தது.

மென்பொருட் தொழிலுக்கே நேரடியாக உரிய சட்டமொன்றும் உண்டு. எச்-1பி என்னும் தற்காலிக விசாவில் ஐக்கிய அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்ட ஊழியரை, பணியில்லையெனக் காரணங்காட்டி வேதனமின்றி இருத்திவைத்தலை அந்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. பணியின்மை ஊழியரின் சொந்த விருப்பத்தால் நேர்ந்ததன்றாயின், நிறுவனம் முழுவேதனமும் கொடுத்தாகவேண்டும். அச்சட்டம் அயல்நாட்டார்மீதுள்ள அன்பினால் மட்டும் எழுந்ததன்று. அமெரிக்க ஊழியரின் வேதனம் குறையாது காத்தலும் அதன் நோக்கமாகும். நோக்கம் எதுவாயினும், அதன் அடியிலுள்ள கொள்கை தெளிவானது. தன் அழைப்புக்குக் கட்டுப்பட்டு வேறெங்கும் செல்ல முடியாதவாறு ஒருவரை வைத்திருப்பவர், அவரைப் பயன்படுத்துகின்றார்.

இக்கொள்கையை உரைகல்லாகக் கொண்டால், வாங்கில் இருப்பவர் காத்திருப்பதற்காக அமர்த்தப்பட்டவர் என்பது விளங்கும். அவர் வேறிடம் செல்ல விரும்பின் 90 நாள் காத்திருக்க வேண்டும். நிறுவனத்துக்கோ அவர் என்றும் கைக்கெட்டியவர். நியமனக் கடிதத்துடன் வீட்டிலிருக்கும் பட்டதாரியின் நிலை சட்டத்தின் நோக்கில் வேறாயினும், கடிதத்தை நம்பி வேறு வாய்ப்பைத் தேடாது விட்ட அளவுக்கு அவரும் நிறுவனத்துக்காகவே காத்திருந்தவராகின்றார்.

நேர்வும் குற்றமும்

வேதனத்தினும் நுண்ணியதோர் அநீதி இத்துறையில் வளர்ந்து வருகின்றது. பணியின்மையை ஊழியரின் குறைபாடாக எழுதிவைத்தலே அது. டாட்டா கன்சல்டன்சி சேர்விசஸ் நிறுவனத்தில் 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்ததாகச் செய்தித்தாள்களில் விரிவாக வெளியான கொள்கையின்படி, ஊழியர் ஆண்டில் 225 நாட்களேனும் கட்டணம் அறவிடப்படும் பணியில் இருத்தல் வேண்டும்; வாங்கிற் கழியும் நாட்கள் 35ஐ மிஞ்சலாகாது. பணியைத் தேடிக்கொள்ளும் பொறுப்பும் ஊழியரிடம் வைக்கப்பட்டது. தவறின் வேதனமும் பதவியுயர்வும் பணித்தொடர்ச்சியும் பாதிக்கப்படலாம். அடுத்த மாதமே ஊழியருள் ஏறத்தாழ 2 வீதத்தினரை, அதாவது 12,000 பேரளவில், குறைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

நிறுவனத்தின் நோக்கிலும் ஒரு நியாயம் உண்டு. புதியன கற்க மறுத்து, வழங்கிய பணியையெல்லாம் தட்டிக்கழிப்போர் எங்கும் சிலர் இருப்பர். அவர்களைக் கேள்வி கேட்க நிறுவனத்துக்கு உரிமையுண்டு. ஆனால் நியூயோர்க்கில் உள்ள வங்கியொன்று தன் செலவைக் குறைக்கத் தீர்மானித்தமையால் பெங்களூரிற் பணியிழந்தவருக்கும் தட்டிக்கழித்தவருக்கும் நாட்களின் எண்ணிக்கை வேறுபாடு காட்டுவதில்லை. 36ஆம் நாளில் இருவரும் ஒருவரே. ஆங்கிலத் தத்துவஞானி பேணாட் வில்லியம்சும் அமெரிக்கரான தோமஸ் நேகலும் 1976இல் ‘ஒழுக்க நல்லூழ்’ என்னும் சிக்கலை விவாதித்தனர். ஒருவருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டதற்கு அவரைக் குறைகூறலாகாது எனக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ளும் மனிதர், நடைமுறையில் அதனையே இடையறாது செய்கின்றனர் என்பது அவர்கள் வெளிக்கொணர்ந்த முரண்பாடு. மனிதரின் மனதில் மயக்கமாக நிகழும் அம்முரண்பாடு, ஆளணிக் கணக்கில் விதியாகவே எழுதப்பட்டுவிடுகின்றது.

இலங்கை வாசகருக்கு இது புதியதாகத் தோன்றாது. மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலையைப் ‘பேர்’ எனக் கணக்கிடுவதும், நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறையும்போது ‘அரைப்பேர்’ போடுவதும் நெடுங்கால வழக்கம். வறட்சியிற் செடி கொழுந்து விடாதபோதும் நிர்ணயித்த நிறை மாறாதிருப்பின், வானத்தின் குறை பெண்ணொருத்தியின் பெயரிற் பாதியாக எழுதப்படுகின்றது. குளிரூட்டிய மண்டபத்துக்கும் தேயிலை மலைக்கும் தோற்றத்திலும் வேதனத்திலும் பெருந்தூரம் உண்டு. கணக்கெழுதும் முறையில் அத்தூரம் இல்லை.

வறுமை மனிதனை வருத்தும். ஆனால் தன் வறுமைக்குத் தானே குற்றவாளியென நம்பவைக்கப்படுதல் அவனுடைய தன்மதிப்பையே அழிக்கும். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என்ற இமானுவேல் கான்டின் அறக்கோட்பாடு இங்கு நேரிற் பொருந்துகின்றது. மனிதரை வேலைக்கு அமர்த்துதல் அவர்களைக் கருவியாக்குதல் ஆகாது. ஆனால் மனிதரை ‘வளம்’ என்று பெயரிட்டு, பயன்படாத வளத்தைப் பழுதான வளமாகக் கணக்கிடும்போது அந்த எல்லை கடக்கப்படுகின்றது.

எதிர்வாதங்களும் எல்லைகளும்

இக்கருத்துக்களுக்கு இரு வலுவான தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, போட்டி பற்றியது. காத்திருப்பின் செலவை ஏற்கும் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தும். ஏற்காத நிறுவனம் குறைந்த விலைக்கு ஒப்பந்தத்தைப் பெறும். முடிவில் நீதியான நிறுவனத்தின் ஊழியர் அனைவரும் வேலையிழப்பர். இவ்வாதத்திலுள்ள உண்மையை மறுத்தலாகாது. ஆனால் அது நிறுவுவது யாது? தனியொரு நிறுவனத்தின் நல்லெண்ணம் போதாது என்பதையே. எல்லோருக்கும் பொதுவான விதி இருப்பின் நீதியாளர் தண்டிக்கப்படார். இரண்டு வாரத்தில் இருபது பேரை வேண்டும் வாடிக்கையாளர், அந்த விரைவின் விலையையும் தரவேண்டியவரே. இன்று அவ்விலையை அவருக்குப் பதிலாக வாங்கில் இருப்பவர் செலுத்துகின்றார்.

இரண்டாவது தடை, நிரந்தர மாற்றம் பற்றியது. துறைமுகத்திற் கொள்கலன் வந்தது போல, மென்பொருள் எழுதும் வேலையிற் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு மேற்கொள்ளுமாயின், வாராத வேலைக்காக எவரையும் முடிவின்றி வைத்திருக்க இயலாது. இதுவும் ஏற்கத்தக்கதே. ஏற்ற இறக்கத்துக்குரிய கடமை வேறு. வீழ்ச்சிக்குரிய கடமை வேறு. முன்னையது காத்திருக்கச் செய்து தாங்குதல். பின்னையது உண்மையைக் காலத்துடன் சொல்லி, மறுபயிற்சியும் தக்க நட்டஈடும் தந்து விடுவித்தல். ஒன்றை மற்றொன்றின் பெயரால் மறைத்தல், அதாவது வீழ்ச்சியைத் தற்காலிக இறக்கமென்றோ இறக்கத்தை ஊழியரின் குறையென்றோ கூறுதல், இரு கடமைகளிலிருந்தும் தப்பும் வழியாகும்.

சட்டத்தினாலும் இதனை முழுமையாகத் தீர்த்தல் அரிது. இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தற் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாது அமர்த்தியுள்ள தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நீக்குவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ முன்கூட்டியே பெறவேண்டுமென விதித்தது. நீக்குதலைக் கடினமாக்கியதால் அமர்த்துதலையும் அது கடினமாக்கியது என்ற குறையும் அதன்மீது கூறப்பட்டு வருகின்றது. ஜேர்மனியில் வேறொரு வழி பின்பற்றப்படுகின்றது. கேள்வி குறையும்போது நிறுவனம் சிலரை முற்றாக நீக்காது பலருடைய வேலை நேரத்தைக் குறைக்கும். அதனால் இழக்கும் தேறிய வேதனத்தில் 60 வீதத்தை, பிள்ளைகள் உடையோருக்கு 67 வீதத்தை, பொதுக் காப்புறுதி நிதி ஈடுசெய்யும். 2009இன் நெருக்கடியிலும் 2020இன் பெருந்தொற்றிலும் அந்நாட்டில் வேலையிழப்பு பெருகாது தடுத்த ஏற்பாடுகளுள் இது முதன்மையானது. ஒருவர்மீது மட்டும் விழும் சுமை அவரை முறிக்கும். நிறுவனம், ஊழியர், சமுதாயம் என மூவர்மீதும் பரவும் சுமை எவரையும் முறிக்காது என்பதே இதன் தத்துவம்.

முடிபு

திருவள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, எவ்வினைக்கு எவரை அமர்த்துவது என ஆராய்ந்தார். வினையே இல்லாத நாளில் அமர்த்தப்பட்டவரை எவ்வாறு நடத்துவது என்பது இக்காலம் அவ்வதிகாரத்துடன் சேர்க்க வேண்டிய வினாவாகும்.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். எதிர்காலத்தைப் பற்றி எவர் கூடுதலாக அறிவாரோ, எவர் அதனை ஓரளவேனும் கட்டுப்படுத்த வல்லாரோ, எவர் நல்லாண்டின் பயனைக் கொள்வாரோ, அவரே தீயாண்டின் சுமையிலும் பெரும்பங்கை ஏற்றல் வேண்டும். இம்மூன்று அளவைகளாலும் புதிதாகச் சேர்ந்த பட்டதாரியைவிட நிறுவனமும் வாடிக்கையாளருமே முதலிற் பொறுப்புடையோர். அழைப்புக்குக் கட்டுப்பட்டிருத்தல் உழைப்பின் ஒரு வடிவமாகையால் அதற்கு விலை உண்டு. வேலை வராமை வேறு, வேலை செய்யாமை வேறு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுதல் பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது.

வேலைக்கும் ஆளுக்கும் முற்றான பொருத்தம் எக்காலத்திலும் அமையப்போவதில்லை. கடலையும் சந்தையையும் எவராலும் சீராக்க முடியாது. ஆகவே எந்த ஏற்பாட்டிலும் சிலர் சிலகாலம் காத்திருக்கவே நேரும். ஒரு தொழிலின் அறத்தை, அது தன் பரபரப்பான நாட்களில் வழங்கும் வேதனத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அழைப்பின்றி வாங்கில் அமர்ந்திருக்கும் மனிதரை அது எக்கண்கொண்டு நோக்குகின்றது என்பதையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.